ஷெய்க் இமாம்: ஹாபிழின் நாவில் தெருவின் அரபு

எகிப்து என்றதும் நம்மவர்களுக்கு முதலில் அல்அஸ்ஹர் நினைவுக்கு வரும். கொஞ்சம் வயதானவர்களுக்கு இலங்கைக்கு நாடு கடத்தப்பட்டு வந்த ஒராபி பாஷாவும், காரி அப்துல் பாஸித்தின் கிராஅத்தும் ஞாபகம் வரும். பாட்டுக் கேட்கும் பழக்கமுள்ளவர்கள் உம்மு குல்ஸூமின் பெயரைச் சொல்வார்கள். ஷெய்க் இமாமை நம்மில் அறிந்தவர்கள் மிகக் குறைவு. அரபு நாடுகளில் நிலைமை வேறு. டியூனிஸிலிருந்து பெய்ரூத் வரை இரண்டு மூன்று தலைமுறைகளுக்கு அவருடைய பாட்டுகள் மனப்பாடம். அவர் மௌத்தாகி முப்பது வருடங்கள் கடந்த பின்னரும் இந்நிலை மாறவில்லை.

இசை ஆகுமா, ஆகாதா என்ற விவாதத்தை நான் இங்கே திறக்கப் போவதில்லை. அதற்குத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். எனக்கு வேறு இரண்டு விடயங்கள் முக்கியம். தெருவில் பேசும் மொழியில் எழுதப்பட்ட ஒரு பாட்டைக் கவிதை என்று சொல்லலாமா? இனிமை குறைந்த ஒரு குரல் எப்படி ஒரு தேசத்தின் குரலாக ஆகிறது? இந்த இரண்டு கேள்விகளுக்கும் அந்த மனிதரின் வாழ்க்கையிலேயே பதில் இருப்பதாக நான் நினைக்கிறேன்.

இமாம் முஹம்மத் அஹ்மத் ஈஸா 1918ஆம் ஆண்டு ஜூலை மாதம் கீஸா மாகாணத்தின் அபுந்நும்ருஸ் என்ற கிராமத்தில் பிறந்தார். ஏழைக் குடும்பம். கைக்குழந்தையாக இருக்கும்போது கண்ணில் நோய் கண்டது. வைத்தியரிடம் போகாமல் நாட்டு மருந்து போட்டார்கள். இரண்டு கண்களும் போயின. அந்தக் காலத்து எகிப்தில் இந்தக் கதை புதிதல்ல. பெரும் எழுத்தாளரான தாஹா ஹுஸைனுக்கும் சிறு வயதில் இதுதான் நடந்தது. பார்வையில்லாத ஏழைப் பிள்ளைக்கு அன்று இருந்த ஒரே வழி குர்ஆனை மனனம் செய்து காரியாவது. வாப்பாவின் கனவும் அதுதான். பிள்ளை கிராமத்திலேயே ஹிப்ழ் செய்தார். பிறகு கெய்ரோவிலுள்ள அல்ஜம்இய்யா அஷ்ஷரஇய்யாவில் ஓதுவதற்காக அனுப்பப்பட்டார்.

அங்கேதான் அவருடைய வாழ்க்கை திசை மாறியது. காரணம் பாட்டல்ல, குர்ஆன் ஓதல். எகிப்திய அரச வானொலி 1934ஆம் ஆண்டு மே மாதம் 31ஆம் திகதி ஷெய்க் முஹம்மத் ரிப்அத்தின் கிராஅத்துடன் ஆரம்பமானது. அவரும் கண் தெரியாதவர். கேட்பவர்களை அழ வைக்கும் குரல் அவருடையது. இளம் இமாம் வெளியில் போய் வானொலியில் ரிப்அத்தின் ஓதலைக் கேட்டார். அவர் ஓதிய நிறுவனத்தாருக்கு வானொலிப் பெட்டியில் குர்ஆன் கேட்பது பித்அத். விடயம் தெரியவந்ததும் அவரை வெளியேற்றினார்கள். கிராமத்திலும் இடமில்லை. வாப்பா கோபத்தில் வீட்டுக்குள் சேர்க்கவில்லை. உம்மா மௌத்தானபோது ஜனாஸாவில் கலந்துகொள்ளும் வாய்ப்புக்கூட அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கவில்லை.

இந்த இடத்தை நான் பல தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஒரு சிறுவன் அல்லாஹ்வின் வேதத்தை அழகாகக் கேட்க ஆசைப்பட்டான். கேட்ட கருவி சரியில்லை என்று அவனைத் தெருவில் விட்டார்கள். இன்று அதே வானொலி இல்லாத பள்ளிவாசல் அலுவலகம் ஒன்று எங்காவது உண்டா?

பகலில் அவர் கடைகளிலும் வீடுகளிலும் ஓதிக் கிடைத்ததைக் கொண்டு சீவித்தார். இரவில் பழைய கெய்ரோவின் பள்ளிவாசல்களில் ஒதுங்கினார். அல்அஸ்ஹரையும் ஹுஸைன் பள்ளிவாசலையும் சுற்றியுள்ள கவ்ரிய்யா பகுதிதான் அவருடைய ஊரானது. அங்கே ஷெய்க் தர்வீஷ் அல்ஹரீரியின் அறிமுகம் கிடைத்தது. முவஷ்ஷஹாத் எனும் பழைய பாடல் மரபிலும் மகாம்களிலும் அவர் பெரிய உஸ்தாத். பையனின் காது எப்படிப்பட்டது என்பதை அவர் உடனே கண்டுகொண்டார். ஒரு தடவை கேட்டதை மறக்காத காது அது.

அந்தக் காதுதான் அவரை ஷெய்க் ஸகரிய்யா அஹ்மதிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. உம்மு குல்ஸூமின் மிகச் சிறந்த பாடல்கள் சிலவற்றுக்கு மெட்டமைத்தவர் ஸகரிய்யா. புதிய மெட்டுகளை மனதில் பதித்து வைத்துக்கொள்ள அவருக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. இமாம் ஒருவகையில் மனித ஒலிப்பதிவுக் கருவியாக வேலை செய்தார். ஆனால் உம்மு குல்ஸூம் மேடையில் பாடுவதற்கு முன்னரே புதிய மெட்டுகள் கவ்ரிய்யாவின் கோப்பிக் கடைகளில் கேட்கத் தொடங்கின. இமாமுக்கு வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. வேலை போனது. எனக்கு இந்தச் சம்பவம் சிரிப்பை வரவழைக்கும். பிற்காலத்தில் ஓர் அரசாங்கமே அடக்க முடியாமல் தவித்த அந்த வாயின் முதலாவது கசிவு இது.

அதன் பிறகு அவர் ஊத் வாத்தியம் கற்றார். விரல்களால் தடவித் தடவிக் கற்றதுதான். ஷெய்க்மாரின் உடையைக் கழற்றினார். பட்டத்தை மட்டும் மக்கள் விடவில்லை. கடைசி வரை அவர் ஷெய்க் இமாம்தான். கலியாண வீடுகளிலும் மௌலித் வைபவங்களிலும் பாடினார், ஓதினார். நாற்பது வயதைத் தாண்டும்வரை அவரைப் பெரிதாக யாருக்கும் தெரியாது.

அவருடைய குரலைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அக்கால எகிப்தில் குரலுக்கு ஓர் அளவுகோல் இருந்தது. ஒரு பக்கம் உம்மு குல்ஸூமின் கம்பீரம், இன்னொரு பக்கம் அப்துல் ஹலீம் ஹாபிழின் மென்மை. அந்த அளவுகோலால் பார்த்தால் ஷெய்க் இமாமின் குரலுக்குச் சந்தையே கிடையாது. உடைந்த, கரகரத்த, வயதான குரல். உச்சத்தில் நடுங்கும். சில இடங்களில் பாடுகிறாரா, பேசுகிறாரா, புறுபுறுக்கிறாரா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் குரலுக்குள் ஒரு ஹாபிழின் பயிற்சி இருந்தது. எந்த எழுத்தை எங்கே அழுத்துவது, எங்கே நீட்டுவது, எங்கே மூச்சை நிறுத்திக் கேட்பவரைக் காத்திருக்க வைப்பது என்பவையெல்லாம் அவருக்குச் சிறு வயதிலேயே நாவில் ஊறியவை. அந்தப் பயிற்சியைக் கொண்டு அவர் சந்தைப் பேச்சைப் பாடினார். கேட்பவருக்கு அது விசித்திரமாக இருந்தது. மறக்க முடியாததாகவும் இருந்தது.

பாடுவதற்கு ஏற்ற சொற்கள் 1962ஆம் ஆண்டில்தான் கிடைத்தன. அஹ்மத் புஆத் நஜ்ம் அப்போதுதான் சிறையிலிருந்து வெளியே வந்திருந்தார். 1929இல் ஷர்கிய்யா மாகாணத்தில் பிறந்தவர். அநாதை இல்லத்தில் வளர்ந்தவர். அதே இல்லத்தில் வளர்ந்த இன்னொரு பிள்ளை அப்துல் ஹலீம் ஹாபிழ் என்பது வரலாற்றின் ஒரு விளையாட்டு. சிறையில் இருக்கும்போது நஜ்ம் எழுதிய கவிதைகள் ஒரு போட்டியில் பரிசு பெற்று நூலாகவும் வந்தன. ஒருவர் அவரை ஹோஷ் கதம் என்ற ஒழுங்கைக்கு அழைத்துப்போய் ஷெய்க் இமாமைக் காட்டினார். நஜ்ம் அங்கேயே தங்கிவிட்டார். கவிஞரும் பாடகரும், தாளம் போடும் முஹம்மத் அலியும் அந்த ஒழுங்கையில் ஒன்றாக வாழ்ந்தார்கள். ஆரம்பத்தில் அவர்கள் செய்தவை காதல் பாட்டுகள்தான்.

நஜ்ம் எழுதியது ஆம்மிய்யா, அதாவது எகிப்தியப் பேச்சரபு. அரபு இலக்கிய உலகில் பேச்சுமொழியில் எழுதினால் அதை ஸஜல் என்று ஒதுக்கி வைக்கும் வழக்கம் இருந்தது. ஷிஃர், அதாவது கவிதை என்ற அந்தஸ்து புஸ்ஹாவுக்கு மட்டுமே உரியது என்று பலர் கருதினர். பைரம் அத்தூனிஸி அந்தச் சுவரில் முதலில் ஓட்டை போட்டார். புஆத் ஹத்தாதும் ஸலாஹ் ஜாஹீனும் அதைப் பெருப்பித்தார்கள். நஜ்ம் அந்த ஓட்டைக்குள்ளால் தெருவையே உள்ளே கூட்டிக்கொண்டு வந்தார்.

அரபுக் கல்லூரியில் ஓதிய எனக்கு இது இலகுவில் விளங்கவில்லை. காபுடைய உச்சரிப்புத் தவறினால் இதயம் என்பது நாய் என்றாகிவிடும் என்று எங்களுக்குப் பயம் காட்டித்தான் மக்ரஜ் படிப்பித்தார்கள். எகிப்தியப் பேச்சிலோ அந்த எழுத்தே இல்லாமல் போய்விடுகிறது. கல்ப் என்பதை அல்ப் என்கிறார்கள். ஜமால் அங்கே கமால் ஆகிவிடுவார். தொண்ணூறுகளில் நான் சவூதியில் வேலை செய்தபோது, எங்கள் அறையில் மேல் எகிப்தைச் சேர்ந்த ஒரு எலக்ட்ரீஷியன் இருந்தார். வெள்ளிக்கிழமை உடுப்புக் கழுவும் நேரத்தில் ஒரு பழைய கசட்டைப் போடுவார். பாட்டை விடப் பின்னணிச் சத்தம்தான் அதில் அதிகம். யாரோ இருமுவார்கள், கிளாஸ் தட்டுப்படும், திடீரென்று அறை முழுவதும் சிரிக்கும். முதல் நாள் கேட்டபோது இந்தக் கிழவருக்கு என்ன நடந்தது என்றுதான் நினைத்தேன். அவர் ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி அதற்கு விளக்கம் சொல்வார். எழுதப் படிக்க அவ்வளவாகத் தெரியாதவர். ஆனால் ஒரு சொல்லுக்குள் எத்தனை குத்தல் இருக்கிறது, எந்தச் சொல் எந்த நாட்டுப்புற விளையாட்டிலிருந்து வந்தது என்று என்னுடைய எந்த உஸ்தாதும் விளக்காத அளவுக்கு விளக்குவார். ஒரு பாட்டை இப்படி வரிக்கு வரி பிரித்து ஓதினால் அது கவிதைதானே?

1967 ஜூன் மாதத்து யுத்தம் இருவரையும் மாற்றியது. ஆறு நாட்களில் ஸினாயும் ஜெரூஸலமும் போயின. உம்மு குல்ஸூம் படைக்கு நிதி சேர்ப்பதற்காக ஊர் ஊராகவும் நாடு நாடாகவும் பாடப் போனார். அது பெரிய பணி, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இந்தத் தோல்விக்கு யார் பொறுப்பு என்று மக்கள் மனதுக்குள் கேட்ட கேள்வியை மேடையில் எவரும் பாடவில்லை. ஹோஷ் கதமில்தான் அது பாட்டானது. போர்முனையிலிருந்து திரும்பும் அதிகாரிகளை வரவேற்பது போன்ற பாவனையில் நஜ்ம் ஒரு பாட்டு எழுதினார். முகத்தைப் பார்த்தால் வாழ்த்து, உள்ளே பார்த்தால் சாட்டையடி. ஷெய்க் இமாம் அதைக் கலியாண வீட்டு மெட்டுப் போல் குதூகலமாகப் பாடினார். அந்தக் குதூகலம்தான் வலிக்கும்.

இன்னொன்று ஹாஹாவின் பசு பற்றியது. கிராமத்தில் மாடு ஓட்டும்போது எழுப்பும் சத்தம்தான் ஹாஹா. ஷெய்க் ஒவ்வோர் அடியாகப் பாட, சுற்றியிருப்பவர்கள் அந்தச் சத்தத்தை மட்டும் திருப்பிச் சொல்வார்கள். பால் நிறைந்த ஒரு பசு. அந்நியர்கள் வந்து பாலைக் குடிக்கிறார்கள். பசு தன் பிள்ளைகளைக் கூப்பிடுகிறது, அவர்கள் நித்திரை. கடைசியில் அது கிணற்றில் விழுகிறது. ஏன் விழுந்தது என்ற விசாரணையும் பாட்டிலேயே நடக்கிறது. காகிதத்தில் படித்தால் சிறு பிள்ளைகளின் விளையாட்டுப் பாட்டுப் போல் இருக்கும். ஆனால் அந்தக் கரகரத்த குரல் படிப்படியாக மெலிந்து ஒப்பாரியின் பக்கம் சாயும்போது, ஹாஹா என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களின் குரலும் மாறிவிடும். பசு யார் என்பதை எவரும் விளக்கத் தேவையில்லை. இந்தப் பாட்டை அப்துல் ஹலீமின் குரலில் கற்பனை செய்து பார்க்கிறேன். அழகாக இருந்திருக்கும், ஆனால் பயன் இருந்திருக்காது. இழப்பைப் பற்றிப் பாடுபவரிடம் இழந்தவரின் தொண்டை இருக்க வேண்டும்.

பத்திரிகையாளர் சங்கத்தில் 1968இல் நடந்த கச்சேரிக்குப் பிறகு அவர்களுடைய பெயர் பரவியது. குறுகிய காலம் அரச வானொலியும் இடம் கொடுத்தது. ஆளை அணைத்துப் பிடித்தால் வாயை அடைக்கலாம் என்ற கணக்கு அது. கணக்குப் பிழைத்ததும் 1969இல் இருவரையும் பிடித்து உள்ளே போட்டார்கள். ஜனாதிபதி ஜமால் அப்துந்நாஸர் உயிரோடு இருக்கும்வரை விடுதலை கிடைக்கவில்லை. 1970 செப்டம்பரில் அவர் மரணித்து, அன்வர் ஸாதாத் பதவிக்கு வந்த பின்னரே வெளியே வந்தார்கள். கண் தெரியாத, ஐம்பது வயது தாண்டிய, ஊத் ஒன்றைத் தவிர வேறு ஆயுதமில்லாத மனிதரைப் பார்த்து ஓர் அரபுப் பேரரசு பயந்தது என்றால், கவிதையின் பெறுமதியை அந்த அரசுதான் சரியாக மதிப்பிட்டது என்று சொல்லத் தோன்றுகிறது. இலக்கிய விமர்சகர்கள் பிறகுதான் வந்து சேர்ந்தார்கள்.

ஸாதாத்தின் காலத்திலும் இதே கதைதான். 1974இல் அமெரிக்க ஜனாதிபதி நிக்ஸன் கெய்ரோவுக்கு வந்தபோது வீதியெல்லாம் வரவேற்பு வளைவுகள். வோட்டர்கேட் விவகாரத்தில் மாட்டியிருந்த அந்த விருந்தாளிக்கு ஹோஷ் கதமிலிருந்தும் ஒரு வரவேற்புப் பாட்டுப் போனது. அடுத்த வருடம் பிரான்ஸ் ஜனாதிபதி ஜிஸ்கார் தெஸ்தான் வந்தார், அவரையும் விடவில்லை. பாணுக்கான மானியத்தை வெட்டியதால் 1977 ஜனவரியில் மக்கள் தெருவில் இறங்கியபோது, பல்கலைக்கழக மாணவர்களின் வாயில் இருந்தவை இவர்களுடைய பாட்டுகள். ஸாதாத்தின் பேச்சுப் பாணியைக் கேலி செய்த ஒரு கவிதைக்காக நஜ்ம் இராணுவ நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டுத் தண்டிக்கப்பட்டார். வானொலியில் இடமில்லை, தொலைக்காட்சியில் இடமில்லை. ஆனால் கசட் வந்திருந்தது. ஒருவர் பதிவு செய்ததை இன்னொருவர் பிரதி எடுப்பார். அதிலிருந்து இன்னும் பத்துப் பேர் எடுப்பார்கள். எங்கள் அறைக்கு வந்தது எத்தனையாவது பிரதியோ. ஒரு காலத்தில் வானொலி கேட்டதற்காக வெளியேற்றப்பட்டவரை வானொலியும் வெளியேற்றியது. கசட் அவரை மீட்டது.

அரசியல் கோஷங்களைத் தாளம் போட்டுப் பாடியவர்தானே, இதில் கவிதை எங்கே என்று கேட்பவர்கள் அரபுலகிலும் உண்டு. அவர்களுடைய எல்லாப் பாட்டுகளையும் நான் தூக்கிப் பிடிக்கவில்லை. நிக்ஸன் போனதோடு நிக்ஸன் பாட்டின் பாதி உப்பும் போய்விட்டது. செகுவேராவின் மரணத்துக்கான இரங்கல் பாட்டில் எனக்குச் சொல்லை விட மெட்டுத்தான் கனமாகத் தெரிகிறது. ஆனால் எகிப்தை முக்காடிட்ட ஒரு கிராமத்துத் தாயாகக் கண்டு பாடும் பாட்டு ஒன்று இருக்கிறது. காலம் கிழமாகிறது, தாய் இளமையாகவே இருக்கிறாள் என்பது அதன் கருத்து. யூஸுப் ஷாஹீன் தன்னுடைய அல்உஸ்பூர் திரைப்படத்தில் அதைச் சேர்த்தார். அந்தப் படமும் சில காலம் முடக்கப்பட்டது. அந்தப் பாட்டில் யாரையும் திட்டும் வார்த்தை கிடையாது. கிராமத்திலிருந்து துரத்தப்பட்டு, தாயின் ஜனாஸாவைத் தவறவிட்ட ஒருவர் அதைப் பாடுகிறார் என்று தெரிந்தவர்கள் கேட்டால், தாய் என்ற சொல்லை அவர் இழுக்கும் விதத்தில் வேறொரு கதையும் கேட்கும்.

ஷெய்க் இமாம் நஜ்முடைய பாட்டுகளை மட்டும் பாடியவரல்ல. நஜீப் ஸுரூர், ஸைனுல் ஆபிதீன் புஆத், பலஸ்தீனக் கவிஞர் தவ்பீக் ஸய்யாத் எனப் பலருடைய கவிதைகளுக்கும் மெட்டமைத்தார். அவர் வெறும் பாடகராகவே பலருக்கு நினைவில் இருப்பது எனக்கு மனவருத்தமான விடயம். ஹரீரியிடமும் ஸகரிய்யாவிடமும் கற்ற அத்தனை மகாம் ஞானமும் அந்த எளிமையான மெட்டுகளுக்குள் ஒளிந்திருக்கிறது. எழுதத் தெரிந்த கவிஞருக்கு நூல் வந்தது, பேட்டி வந்தது, பிற்காலத்தில் சர்வதேச விருதும் வந்தது. ஷெய்க் இமாமுக்கு இவற்றில் மிகக் கொஞ்சமே கிடைத்தது. பாரிஸில் எழுபதுகளில் ஓர் இசைத்தட்டு வெளிவந்தது. 1984இல்தான் பிரான்ஸ் சென்று பெரிய மேடைகளில் பாடும் வாய்ப்புக் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது அறுபத்தாறு. மண்டபம் நிறைந்த வட ஆபிரிக்கத் தொழிலாளர்களும் மாணவர்களும் அவரோடு சேர்ந்து பாடினார்கள். அதற்குப் பிறகு கொஞ்சக் காலத்தில் அவரும் நஜ்மும் பிரிந்தார்கள். இருபது வருடங்களுக்கும் மேலாக ஒரே ஒழுங்கையில், ஒரே சிறையில் இருந்தவர்களின் பிரிவு அது. யார் சரி, யார் பிழை என்று அவர்களுடைய ரசிகர்கள் இன்னும் சண்டை பிடிக்கிறார்கள். எனக்கு அதில் ஆர்வமில்லை. ஒருவர் இல்லாமல் மற்றவரின் பாட்டு முன்னைப் போல் அமையவில்லை என்பது மட்டும் இருவருடைய பிற்கால வேலைகளைக் கேட்டால் புரியும்.

கடைசி வருடங்களில் அவர் அதிகம் வெளியே வரவில்லை. 1995ஆம் ஆண்டு ஜூன் மாதம் 7ஆம் திகதி தன்னுடைய எழுபத்தாறாவது வயதில் காலமானார். நஜ்ம் 2013 டிசம்பரில் மௌத்தானார்.

இடையில் 2011 வந்தது. தஹ்ரீர் சதுக்கத்தில் இரவிரவாக அமர்ந்திருந்தவர்களில் பலர், ஷெய்க் இமாம் மரணிக்கும்போது சிறு பிள்ளைகளாக இருந்தவர்கள். இஸ்கந்தரெல்லா என்ற இசைக்குழு ஊத் வாத்தியத்தோடு வந்து அவருடைய பாட்டுகளைப் பாடியது. கூட்டம் சொற்களை முன்கூட்டியே அறிந்திருந்தது. அவர்கள் நல்ல குரல் உள்ளவர்கள், சுருதி சுத்தமானவர்கள். அந்தப் பதிவுகளைக் கேட்டுவிட்டு இணையத்தில் பழையவற்றைத் தேடிப் போனேன். கசட்டிலிருந்து ஏற்றப்பட்ட ஹோஷ் கதம் பதிவுகள் இப்போது நிறையவே கிடைக்கின்றன. இருமலும் கிளாஸ் சத்தமும் அப்படியே இருக்கின்றன. எவரும் அவற்றைச் சுத்தம் செய்யவில்லை.